சாரைமேல் போட்ட வேட்டி

அன்புள்ள ராஜவேலுக்கு,

ஆமாம், உங்கள் வேட்டிதான். கல்யாணப் பட்டு வேட்டி. மஸ்கட்டிலிருந்து நீங்கள் போனில் கேட்டபோது அத்தை பக்கத்திலேயே நின்றார். அதனால்தான் எழுதி, அங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருந்த கமலக்கண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மூலக்குளத்தில் நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனை முழுக்கக் கோரை. போன செவ்வாய் காலை அங்கே இரண்டு சாரைகள் பின்னிக்கொண்டு எழுந்து நின்றன. பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி அண்ணன் கழியோடு வந்தார். "தள்ளுக்கா, சாரை வந்துச்சின்னா பின்னாலயே நல்ல பாம்பும் வந்துடும்" என்றார் அத்தையிடம். "கழியக் கீழ போடுடா. ஜோடி சேந்துட்டிருக்குது, கண்ணு தெரியல?" என்று அத்தை அவரை விரட்டிவிட்டு, உள்ளே ஓடி வேட்டியை எடுத்துவந்து வீசினார்.

பிணையும் பாம்புகள்மேல் பட்ட துணி வீட்டில் இருந்தால் பிள்ளை பிறக்குமாம். நமக்குக் கல்யாணமாகி நான்கு வருடம்.

நான் விலங்கியல் படித்தவள். அவை இரண்டும் ஆண். ஒன்றின் தலையை மற்றது கீழே அழுத்தப் பார்த்தது. சண்டை. அத்தையிடம் சொல்லவில்லை. சாமி படத்துக்கு அடியில் வேட்டியை வைத்துத் தினமும் பூ போடுகிறார்.

பின்சுவர் ஓட்டையைச் சிமெண்டால் அடைக்கச் சொன்னீர்கள். அடைக்கவில்லை. சாரைக்கு விஷம் கிடையாது. மனை வயலாக இருந்த காலத்திலிருந்து எலிக்காக அங்கே இருக்கிறது. நீங்கள் புறப்பட்ட வருடம் அரிசி மூட்டையை எலி கிழித்தது. ஓட்டை வழியாகச் சாரை வந்துபோகும் இந்த வருடம் இல்லை. ஓட்டையை அடைத்தால் பாம்பு வருவது நிற்கும், எலி வருவது நிற்காது.

பாம்பு இருக்கும் வீட்டுக்கு எப்படி வருவது என்று கேட்டீர்கள். தீபாவளிக்கு லீவு இல்லை என்றீர்கள். பொங்கலுக்கு ஆள் பற்றாக்குறை. இப்போது பாம்பு.

வேட்டியை என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறார் அத்தை. சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஆள் வருவது தெரிந்தாலே சாரை ஒதுங்கிவிடும். நீங்கள் வாருங்கள்.

அன்புடன்,
சிவசங்கரி

பி.கு.: அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார். வேட்டியில் மண் கறை இருந்தது. அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன், நீங்கள் வந்தால் கட்டிக்கொள்ள.