இருபத்து மூன்று பெயர்கள்

பெப்ரவரி 11, செவ்வாய், காலை 6.40. நீங்கள் இறந்து 212 நாள். உங்கள் மரண அறிவித்தலில் இருந்த பெயர்கள் 23. என் பெயர் அதில் இல்லை.

சாப்பிட்டியோ என்று கேட்காமல் ஒருநாளும் போனை வைக்காத என் அம்மா,

எட்டரைக்கு என் அகதி வழக்கு விசாரணை. வீடியோவில்தான். நாட்டைவிட்டு வந்து வெக்ஸ்போர்ட்டில் நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்டில் கமரா, மைக் எல்லாம் இரண்டு தரம் சோதித்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது. நான் ஆண்களை விரும்புகிறவன் என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நிரூபிக்க வேண்டும். அதை எப்படி நிரூபிக்கிறது, அம்மா?

ஆதாரம் வேண்டுமாம். நான் விரும்பியவனும் நானும் எடுத்த படங்கள், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் ஊரில் பொலிஸ் என்னை அடித்து வெளியே விட்ட அன்றே அழித்தேன். பிறகு போனையும் லப்டொப்பையும் மூன்று தரம் ஃபோர்மற் செய்தேன். கம்பியூட்டர் படித்தவன், அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

“ஒரு படம்கூட மிச்சமில்லையோ?” என்று வழக்கறிஞர் அக்கா கேட்டார்.

“ஒண்டும் இல்லை. மீட்கவும் ஏலாது.”

“உம்மைப்போல கெட்டிக்காரனோட வழக்குப் பேசுறது பெரிய கரைச்சல், தம்பி.”

அப்போதுதான் உங்கள் மரண அறிவித்தலைக் காட்டினேன். அண்ணா, தங்கச்சி, மருமக்கள், பேரப்பிள்ளைகள், அண்ணாவின் மாமனார் மாமியார்வரை இருக்கிறார்கள். நடுப்பிள்ளை இல்லை. ஏன் என்று அண்ணாவிடம் முன்பே கேட்டிருந்தேன். குரல்பதிவில் பதில் வந்தது:

“உன்ர பேரைப் போட்டா சனம் உன்னைப் பற்றிக் கேக்கும். என்னெண்டு சொல்லுறது? ஆம்பிளையோட பிடிபட்டவன் எண்டோ? திரும்பி வந்து பார், இந்த முறையும் நான்தான் பொலிசுக்குச் சொல்லுவன்.”

வழக்கறிஞர் அக்கா அதை மூன்று தரம் கேட்டார். “இந்த முறையும் எண்டு தன்ர வாயாலயே சொல்லிப்போட்டார். வழக்குக்கு உது காணும்.”

ஆக, உங்கள் மரண அறிவித்தல் இப்போது என் வழக்கின் ஆவணம். என் பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. மன்னியுங்கள்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. உங்கள் கடைசிக் கிழமையில் படுக்கையில் இருந்தபடி போனில், “எங்க இருந்தாலும் உயிரோட இரடா” என்றீர்கள். என் பெயரை விடப்போகிறார்கள் என்று அப்போதே உங்களுக்குத் தெரியுமா? கேட்டார்களா? என்ன சொன்னீர்கள்?

இனிச் செய்யப்போவது:

1. எட்டரைக்குக் கமராவைப் போடுவேன். கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்வேன். அழமாட்டேன். அழுதால் அழுதேன், அவ்வளவுதான்.

2. முடிவு எதுவானாலும், உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு இங்குள்ள பத்திரிகையில் நினைவஞ்சலி போடுவேன். பிள்ளைகள் மூவரின் பெயரும் வரும். அண்ணாவின் பெயரை நான் விடமாட்டேன்.

3. மருமக்கள் வரியில் ஒரு பெயருக்கு இடம் விடுவேன். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். எழுதினால் அவனுக்கு அடி விழும். அவன் இங்கே வந்து இறங்கும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

உங்கள் நடுமகன்,
திருக்குமரன்