எலிகளுக்கு முன்கூட்டியே கேட்டார்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் உடம்பு தேறிவருவாய் என்று நம்புகிறேன்.

ஒரு சின்ன விஷயம். ஒரு வருடமாக என் கடிதங்கள் தாறுமாறாக வந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஆராய்ச்சி. விசையை அழுத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த எலி, தீனி நின்றதும் அழுத்துவதை விட்டுவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்த எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். மனிதர்களும் அப்படித்தானா என்று பார்க்க, என் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. எவ்வளவு யோசித்தும் உன்னைத் தவிர யாரும் தேறவில்லை.

எலிகளுக்கு முன்கூட்டியே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நீ வீட்டு மனுஷிதானே என்று விட்டுவிட்டேன். இப்போது குழு கேட்கிறது. ‘சம்மதம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் என் பட்டம் போய்விடும்.

உன் அன்புத் தம்பி

*

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்காமலே வந்ததால் முதலில் பயந்துபோனேன்.

கட்டியை அறுத்து எடுக்கப் போகிறார்கள், ஒரு நாள் வந்து கூட இரு என்று எழுதியிருந்தேனே, அதுவும் ஆராய்ச்சியில் சேர்த்தியா? “கூட யாரும் வரலியாக்கா?” என்று நர்ஸ் கேட்டாள். “தம்பி வந்துட்டே இருக்கான்” என்றேன். வீட்டுக்கு அனுப்பும் அன்று, “என்னக்கா, உங்க தம்பி நடந்தா வர்றாரு?” என்றாள். நானும் சிரித்தேன். தையல் வலித்தது.

ஒரு சந்தேகம். ஆராய்ச்சி முடிந்ததும் எலிகளை என்ன செய்வீர்கள்?

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எலிகளை வலியில்லாமல் முடித்துவிடுவோம். அதில் குழு ரொம்பக் கண்டிப்பு. மனிதர்கள் என்றால் உண்மையைச் சொல்லி நன்றி தெரிவிப்போம். மனவருத்தம் இருந்தால் பேசுவதற்கு ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். அது பதில் போடக்கூடாத மாதமாக அமைந்துவிட்டது. நடுவில் நான் வந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அதற்கப்புறமும் நீ மூன்று கடிதம் போட்டாய். எங்கள் பேராசிரியரே அசந்துபோனார்.

பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி; தெரிவித்துவிட்டேன். நீ அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை.

உன் தம்பி

*

மார்ச் 16

தம்பிக்கு,

சம்மதம். பட்டத்தை வாங்கிக்கொள். ஆராய்ச்சியிலிருந்து நான் விலகவில்லை.

மற்றதிலிருந்து விலகிக்கொள்கிறேன். காரணம் சொல்ல வேண்டியதில்லையாமே.

ஆலோசகரின் அட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யாருடைய கடிதத்துக்காவது நீ காத்திருக்க நேர்ந்தால் உதவும்.

இப்படிக்கு,
பங்கேற்பாளர்