எண்ணூறு பையில ஆயிரத்து இருநூத்தம்பது பழுதா

12 ஜூலை 1986, சனி. மாதுங்கா

தாராவியில லெதர் பை தைக்கிற காதர் பாய் பட்டறையை மூடப்போறேன்னார். பிரான்ஸ்லேருந்து வந்த ரிப்போர்ட்டை யாரோ இங்கிலீஷ்ல ‘ரிஜெக்ட் 1,250’னு மாத்திக் குடுத்திருக்காங்க.

“அனுப்புனதே எண்ணூறு பைதான் தம்பி. மிச்சத்தை எங்க வாப்பாவா அனுப்புனாரு?”

எனக்கு பிரெஞ்சு படிக்க வரும்ங்கிறதால, அந்த பிரெஞ்சு காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அது எண்ணிக்கையே இல்ல, சதவீதம். நாம புள்ளி வைக்கிற இடத்துல அவங்க கமா போடுவாங்க. வெறும் ஒண்ணேகால் சதவீதம். பத்தே பைதான் பழுது. உடனே புதுசா இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேன்.

பாய் கட்டிப்பிடிச்சுக்கிட்டார். “வீட்டம்மாவுக்கு ஒரு பை கொண்டுபோங்க. என்ன கலர் பிடிக்கும்?”

கமலா இறந்துபோனது அவருக்குத் தெரியாது.

பிரவுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்.