முடிந்தவர்கள் கிளம்பலாம்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் தோழி மைக்கு எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகம்தானே? இங்கே இதுவரை எல்லோரும் சுகம்.

வேலை நேரத்தில் நீ போனை எடுக்க மாட்டாய். அதோடு இன்று வாயால் எதையும் சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

புயல் செய்தியை நீயும் பார்த்திருப்பாய். விடிவதற்குள் கரையைத் தொடுமாம். ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. படகுகளைத் தெருவுக்குள் இழுத்து வந்து, மாடு கட்டுவதுபோல விளக்குக் கம்பங்களில் கட்டியிருக்கிறார்கள். கடைகளில் ரொட்டியும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. என் வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடிக்கு டேப் ஒட்டுகிறேன் பேர்வழி என்று சுவரில் இருந்த பெயிண்டையும் உரித்து வைத்திருக்கிறார். நகராட்சியில் யாருக்கும் லீவு கிடையாது. எனக்கு வழக்கம்போல ஆட்டோவும் ஒலிபெருக்கியும்தான்.

போன வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தி, உங்கள் பழைய தெருவையே காலி செய்ய வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கொசுக்கடியில் கிடந்தார்கள். புயல் வேறு பக்கம் போய்விட்டது, ஒரு தூறல்கூட இல்லை. கூலி போனதுதான் மிச்சம். அன்றிலிருந்து காய்கறிக்காரம்மா என்னைப் பார்த்தால் போதும், இன்றைக்கு மழை வருமா வராதா என்று மைக்கைக் கேளுங்கள் என்று கடையில் நிற்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அதனால்தான் இன்று காலையில் அந்தக் காரியத்தைச் செய்தேன். கையில் கொடுத்த தாளில், தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று இருந்தது. உங்கள் தெருமுனை திரும்பியதும் காய்கறிக்காரம்மா கடை தெரிந்தது. என் வாய் தானாக, முடிந்தவர்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். தெருவின் அடுத்த முனை வரைக்கும் அதையேதான் சொன்னேன் வாலு. யாரும் சிரிக்கவில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மதியம் தண்ணீர் ஆளுயரத்துக்கு வரலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். திரும்ப ஓடி வந்து தாளில் உள்ளபடியே கத்தினேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்றா என்று கேட்டார்கள். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். காய்கறிக்காரம்மா முதல் ஆளாகப் போய்விட்டாள்.

உன் அப்பா மட்டும் வரவில்லை.

"நீதானம்மா காலையில சொன்ன, முடிஞ்சவங்க கிளம்பலாம்னு. என்னால முடியல, விட்டுடு" என்றார். முட்டி வலியைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, தூக்கிப் போக ஆள் கூட்டி வந்தேன். அதற்குள் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. வீட்டில் ஒரு சாமானைக்கூட அவர் நகர்த்தவில்லை. மெத்தை தரையிலேயே கிடக்கிறது. டெலிபோனை மட்டும் வயரோடு எடுத்து மேல் அலமாரியில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். அது எதற்கு அங்கே என்று கேட்டேன்.

"தண்ணி வந்தாலும் மணி அடிக்கணும்ல" என்றார்.

யார் கூப்பிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் அவர் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். உன் நம்பர் நாக்கு நுனி வரை வந்தது. யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கு தடுத்துவிட்டது. ஒரே நாளில் அவரிடம் இரண்டு பொய்.

உன் கோபம் தப்பென்று நான் சொல்லவில்லை. உன் கல்யாணத்தன்று அவர் வாசலில் நின்று சொன்ன வார்த்தையை நானும்தான் கேட்டேன். அதை நீ மன்னிக்கக்கூட வேண்டாம். ஆனால் வீட்டு நம்பர் உனக்கு மறந்திருக்காது. அதற்கு ஒரு தடவை கூப்பிடு. கிளம்புங்கள் அப்பா என்று சொல். அதுகூட வரவில்லை என்றால் நான்தான் என்று சொல், போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் வீட்டு வாசலில், ஆட்டோவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காற்று ஏற ஆரம்பித்துவிட்டது, நேரமாகிறது என்கிறார் ஆட்டோக்காரர். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பா ஜன்னலை இன்னும் சாத்தவில்லை. மணி அடித்தால் எனக்குக் கேட்கும்.

உன் குடும்பம் நன்றாக இருக்கட்டும். சீக்கிரம், வாலு.

இப்படிக்கு,
உன் மைக்கு