பிடிமண் சுமந்த தலை

மே 4, 2003. ஞாயிறு. கொடைக்கானல்

மேகம் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. சீசன் கூட்டம், ஏரி வரை கார்கள். பெட்டியில்: பாஸ்போர்ட், ஸ்வெட்டர், சர்க்கரை மாத்திரை, மஞ்சள் துணி.

துணி, மண் கட்ட. எங்கள் ஊர் பேத்துப்பாறையில் மாரியம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டியாகிவிட்டது. இலங்கையில் நாங்கள் விட்டுவந்த எஸ்டேட் கோயிலிலிருந்து பிடிமண் வந்து பீடத்துக்கடியில் விழுந்தால்தான் கும்பாபிஷேகம். இலங்கையை விட்டு வந்த அன்று கப்பலில் மண் சுமந்து வந்தவர் அண்ணன். அதனால் வருடாவருடம் பரிவட்டம் அவர் தலையில், முதல் விபூதி அவர் கையில். ஊருக்காக மனு எழுதி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவன் நான். எனக்குக் கூட்டத்தோடு நின்று வாங்கும் விபூதி.

இந்த முறை சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார் அண்ணன். "நீயே போயிட்டு வா. மண்ணு சொமக்குறவனுக்குத்தான் பரிவட்டம்." வெகுகாலத்துக்குப் பிறகு அவர் சொல்லை நம்புகிறேன்.

என் மனைவி சரோஜா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். போன சோலியைப் பார்த்துவிட்டு வெரசாக வரச் சொன்னாள்.

மே 6. கண்டி

தூறல். லாட்ஜ் தலையணையில் யாரோ பூசிய எண்ணெய். புத்தரின் பல்லை வைத்துக் கும்பிடும் தலதா மாளிகையில் வெள்ளை உடுத்திய கூட்டம், கை நிறையத் தாமரை. தள்ளுமுள்ளு இல்லை. பக்கத்திலேயே பத்தினித் தெய்வத்துக்கு ஒரு கோயில். சிங்களப் பெண்கள் கைக்குழந்தைகளோடு. நம் தெய்வம்தான், கும்பிடும் மொழி வேறு. தெருவெங்கும் வெசாக் பண்டிகையின் விளக்குக் கூடுகளுக்கு மூங்கில் பிளக்கிறார்கள். கால் வீக்கம்.

மே 8. கதிர்காமம்

கொடும் வெயில். பழத்தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில். சந்நிதித் திரையை விலக்குவதே இல்லை. பழனியில் அலங்காரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒன்றும் காட்டாத முருகன். திரையில் வரைந்த மயிலைக் கும்பிட்டுத் திரும்பினேன். பின்னால் நின்ற சிங்களவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. பரிவட்டம்தான் ஞாபகம்.

வீட்டுக்கு போன். ஊர்க்கூட்டம் நடந்ததாம். என்ன பேசினார்கள் என்றால், "மேளத்துக்குச் சொல்லியாச்சு" என்கிறாள் சரோஜா. வேறு? வேறொன்றுமில்லையாம்.

மே 10. எஸ்டேட்

மழை. கூலி லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பரா, அந்த ஒற்றை அறை, பூட்டிக் கிடக்கிறது. கோயிலைக் காணோம். மேட்டில் அது இருந்த இடத்தில் அரசமரம், அதனடியில் புத்தர். கலவரத்துக்குப் பிறகு அம்மனைக் கீழே புதுக் கட்டடத்துக்குக் கொண்டு போய்விட்டார்களாம். அங்கே தரையெல்லாம் சிமெண்ட், டைல்ஸ்.

பூசாரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார். "இங்க ஏதுங்க தம்பி மண்ணு? ஆத்தா ஒக்காந்திருந்த மண்ணு வேணும்னா மேலதான் போகணும்."

வேறு தெய்வத்தின் எல்லை மண் ஆகாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆனாலும் இது அவள் இடம். போனேன்.

இளம் பிக்கு. தமிழ் கொஞ்சம். விஷயத்தைச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சிரட்டை எடுத்து வந்து கொடுத்தார், நான் தோண்டி முடிக்கும்வரை குடை பிடித்தார். இந்தப் பயணத்தில் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசிய ஒரே மனிதர்.

மே 12. பேத்துப்பாறை

பிடிமண்ணைக் கீழே வைக்கக் கூடாது. விமானத்தில் மடியில், பஸ்ஸில் மடியில். ஒன்றுக்குப் போகக்கூட எழவில்லை.

ஊர் எல்லையில் மேளம், குலவை. பொட்டலத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். அண்ணன் புது வேட்டியில் எதிரே வந்து கையை நீட்டினார். மூத்தவர் இருக்க இளையவர் தலையில் மண் கோயிலுக்குள் வரக்கூடாது என்று கூட்டத்தில் முடிவாம். சூடத்தை அணைத்தது? "ஊரு சொல்லுறப்ப நான் என்னப்பா செய்ய?" என்றார். மேளக்காரர்கள் நிறுத்தவில்லை. கீழே வைக்கவும் முடியாது. கொடுத்தேன்.

குலவைக் கூட்டத்தில் சரோஜா.

ஊர் வீட்டில் சரோஜாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "கூட்டத்துல என்னையும் கேட்டாங்க. சரின்னேன். எத்தன வருசமா ரெண்டு வீடும் மொகம் பாக்காமக் கெடக்கு? நாளைக்கு அவுங்க மக கல்யாணத்துக்கு நம்ம பிள்ளைங்க போக வேணாமா?"

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா மண்ணோட அங்கனயே உக்காந்திருப்பீங்க."

மே 13. பேத்துப்பாறை

வெள்ளனே எழுந்தாயிற்று. வெயில், வெகு நாளைக்குப் பின். சர்க்கரை மாத்திரை போட மறந்துவிட்டேன்.

அண்ணன் தலையில் பரிவட்டம். பீடத்தில் மண்ணைப் போடும் முன், எஸ்டேட்டில் பிறந்த கிழவிகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பி, "தம்பி, ஆத்தா காலடியில எடுத்ததுதானே? எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஒரு வார்த்த சொல்லு" என்றார்.

அரசமரம், புத்தர். இரண்டு சொல் போதும், அண்ணன் தலைத் துணி அவிழ்ந்திருக்கும். சரோஜா தூணருகே நின்று என்னையே பார்த்தாள். எஸ்டேட் மேட்டில் நடந்ததை நேற்று ராத்திரி அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.