குனிய முடியாதவன்

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே? எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு எழுதுகிறேன். மேஜையில் வைத்தால் கண்ணுக்கே தெரியவில்லை.

இறுகிப்போன முதுகெலும்பை வெட்டி, கம்பி வைத்து நிமிர்த்தினார்களே, அந்தக் காயம் ஆறிவிட்டது. கால் விழுந்துவிடும் என்று பயந்தோமே, அதுவும் இல்லை. என்னைக் ‘கேள்விக்குறி’ என்று கூப்பிட்ட தெருக்காரர்கள் இப்போது நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கழுத்தெலும்பும் எப்போதோ ஒட்டிப்போனதுதானே, வளையவோ திரும்பவோ மாட்டேன் என்கிறது. படியில் இறங்கினால் பாதம் தெரிவதில்லை. தட்டில் என்ன இருக்கிறதென்று உன் தம்பி பெண்டாட்டி சொல்லித்தான் சாப்பிடுகிறேன்.

நேற்று பட்டறையில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஊர் வாய்க்கெல்லாம் பல் செட் கட்டினவன், மெழுகில் ஒரு பல்லைப் பதிக்கப் போய் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டேன். போகப் போகச் சரியாகிவிடுமா அக்கா? பயமாக இருக்கிறது.

உன் தம்பி

ஜனவரி 25

என் செல்லத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். எத்தனை வருஷம் கழித்து உன் முகத்தை முழுசாகப் பார்க்கிறேன்! சம்பந்தியம்மாவிடமும் காட்டினேன். “உங்க தம்பியா இது? ராஜா மாதிரி நிக்கிறாரே!” என்று ஒரேயடியாக ஆச்சரியம்.

இந்த ஆபரேஷனில் படுத்த படுக்கையாகிப் போனவர்கள் எத்தனை பேர்! நீ கொடுத்து வைத்தவன். ஆனாலும் குறை சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. மேஜையை உயர்த்திப் போட்டுக்கொள். இல்லாவிட்டால் அந்த வேலையையே விட்டுத் தொலை. கண்டவன் வாயில் கிடந்த அச்சைத் தொட்டுக்கொண்டு, அதுவும் ஒரு பிழைப்பா?

அன்புடன் அக்கா

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

மேஜையை உயர்த்திப் பார்த்தேன். கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் விரல் நடுங்குகிறது, உருகிய மெழுகு சட்டைக்குள் வழிகிறது. எனக்கு வேலை கொடுத்துவந்த பல் டாக்டர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்.

வயிற்றெரிச்சலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. “குனிஞ்சு செய்யுற வேலைன்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் சாய்வாவே நிறுத்தியிருப்பேனே! நீங்க எக்ஸ்ரே எடுக்கப் போனப்ப உங்க அக்காகிட்ட கேட்டேன். ‘ரிட்டையர் ஆகி வீட்ல சும்மாதான் இருக்கான், நல்லா நேரா நிமிர்த்திடுங்க’ன்னாங்க” என்றார். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியதுதான் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். மறுபடி வெட்டினால் நரம்பு போய்விடுமாம், தொடமாட்டேன் என்கிறார்.

நிஜமா அக்கா? இல்லை என்று ஒரு வரி எழுது. அந்த மனுஷனைப் பொய்யன் என்று நம்பிவிடுகிறேன்.

தம்பி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

சொன்னேன். அன்றைக்குத் துணைக்கு வருகிறேன் என்று சம்பந்தியம்மாவும் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீ ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் என்றுதான் என் மகளைப் பெண் பார்க்க வந்தபோதே அவர்களிடம் சொல்லியிருந்தோம். அவள் எதிரில் டாக்டரிடம் வேறென்ன சொல்வேன், நீயே சொல்! இப்படி வந்து விடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் நல்லதுக்குத்தான் செய்தேன். நீ நிமிர வேண்டும் என்று நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி உண்டா? அடுத்த வாரம் வருகிறேன். நேரில் இரண்டு வார்த்தை திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கூடப்பிறந்தவளை விட்டுவிட முடியுமா?

அக்கா

பிப்ரவரி 27

அக்கா,

வராதே.

நீ வந்தால் எதிரே உட்கார்ந்து அழுவாய். கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவோ, மனசு இளகினால் தலையைக் குனிந்துகொள்ளவோ எனக்கு இனி வழியில்லை. நீ எழுந்து போகும்வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

தம்பி