‘வந்தாச்சு’ பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே மேலாளர் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து என் அறை வாசலில் நிறுத்தினார். “இவர் நிபுணர். நம்ம சர்வர்ல ஒரு மென்பொருள் போடப் போறார். நீங்க கூடமாட இருந்து உதவி பண்ணுங்க.”

கூடமாட! இந்த ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் கணினிகள் அத்தனையையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவள் நான். என் சர்வரில் வேறொருவன் கைவைப்பானாம், நான் எடுபிடியாக நிற்க வேண்டுமாம்.

என்ன செய்யும் அந்த மென்பொருள்? எந்த அழைப்பு எப்போது வந்தது, வண்டி எப்போது போய்ச் சேர்ந்தது என்று டேட்டாபேஸில் கிடப்பதை அள்ளி வண்ணப் படமாகப் போடும். டிரைவர்களை வேகப்படி வரிசையில் நிறுத்தும். வேகமானவர் பச்சை, சுமாரானவர் மஞ்சள், மெதுவானவர் சிவப்பு. ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்று பெயர். பெயரிலேயே புத்தியை ஒட்டிக்கொண்டு வருகிற எதையும் நான் நம்புவதில்லை.

என் அண்ணனும் இங்கே டிரைவர்தான். அதை நிபுணரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 5, புதன்

சண்டை. எங்கள் லினக்ஸ் சர்வருக்கு இன்டர்நெட் கிடையாது. வண்டிகளிலிருந்து தகவல் வருவதற்கு ஒரு தனி வழி மட்டும் வைத்து, மற்றதையெல்லாம் நான்தான் ஃபயர்வால் போட்டு அடைத்திருக்கிறேன். நோயாளிகளின் பெயர், விலாசம், என்ன நோய், எல்லாம் அதற்குள் இருக்கிறது.

“இன்டர்நெட் இல்லாம எப்படி மேடம் இன்ஸ்டால் பண்றது? ஒரே கட்டளை. அடிச்சா அதுவே எல்லாத்தையும் இறக்கிக்கும்.”

“நீங்க வெளிய இறக்கி ஒரு பென் டிரைவ்ல கொண்டு வாங்க. நான் ஏத்துறேன்.”

சிரித்தான். “எந்தக் காலத்துல மேடம் இருக்கீங்க?”

மேலாளரும் கூடச் சேர்ந்து சிரித்தார். “திறந்து விடுங்கம்மா.” உத்தரவை எழுத்தில் கேட்டேன். முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

இனி அந்த ஆளுக்கு இந்தப் பக்கங்களில் பெயர் ‘ஒரே கட்டளை’.

மார்ச் 7, வெள்ளி

திறந்தேன். ஆனால் நம் விருப்பப்படி. லினக்ஸுக்கான மென்பொருள் பொதிகள் கிடைக்கும் இடத்துக்கும் இவர்கள் நிறுவனத்தின் தளத்துக்கும் போய்வர மட்டும் வழி. வெளியிலிருந்து உள்ளே நுழைய எவனுக்கும் வழி கிடையாது.

ஒரே கட்டளை தன் ஒரே கட்டளையை அடித்தான். பாதி இறங்கி நின்றுவிட்டது. அது கேட்கிற ஏதோ ஒரு துணைப் பொதி மூன்றாவது ஒரு முகவரியில் இருக்கிறதாம். எந்த முகவரி என்று அவனுக்கே தெரியவில்லை.

“உங்க ஃபயர்வால்தான் பிரச்சினை. மொத்தமா ஆஃப் பண்ணிடுங்க.”

“சாவி சிக்குதுன்னு கதவையே கழட்டி வெச்சுடுவீங்களா?”

நேரே மேலாளரிடம் போய் வத்தி வைத்துவிட்டு வந்தான். அவன் போன நேரத்தில் பிழைச் செய்தியைப் படித்து, முகவரியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் சேர்த்து, மறுபடி ஓட்டினேன். இறங்கியது, நிறுவியது, ஓட ஆரம்பித்தது. திரும்பி வந்தவன், “பாத்தீங்களா, ஒரே கட்டளை,” என்றான்.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று திறக்கவில்லை.

அதோடு விட்டதா? சர்வரின் நினைவகத்தை யானை கரும்புத் தோட்டத்தில் புகுந்த மாதிரி மேய ஆரம்பித்தது. பக்கத்து அறையில் அழைப்பு எடுக்கும் பெண்கள் “ஸ்கிரீன் நகரவே மாட்டேங்குது” என்று கத்தினார்கள். ஓடிப்போய் அதற்கு ஒரு வரம்பு கட்டினேன். ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் காத்திருக்க, படம் வரைந்துகொண்டிருந்தது புத்தி.

மார்ச் 10, திங்கள்

நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லை நிறுவியபோது இருந்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான் மகாராசன். மாற்றிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. இந்த வாரத்தின் ஒரே சந்தோஷம்.

மார்ச் 12, புதன்

டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் பெரிய டிவி மாட்டிவிட்டார்கள். மேலே பச்சையில் முதலிடம், கீழே சிவப்பில் கடைசி இடம்.

கடைசி இடம் அண்ணன்.

அவன் வண்டி நிற்பது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். பாதி அழைப்புகள் கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து. மூடியிருந்தால் நிற்கத்தான் வேண்டும். வண்டிக்கு இறக்கையா இருக்கிறது? மேலாளரிடம் சொன்னேன். “எல்லாருக்கும் ஏதாவது கேட் இருக்கத்தான் செய்யும்மா,” என்று தத்துவம் பேசுகிறார்.

அண்ணனும் அண்ணியும் மாடியில், நான் கீழே. மாலையில் படியேறும்போது என் கதவுப் பக்கம் நின்றான். “நல்லா வேலை பாத்திருக்கடி,” என்றான். ஏறிப் போய்விட்டான்.

மார்ச் 13

நானா போட்டேன் அதை? நான்தானே போட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

அதிசயம். சிவப்பெல்லாம் மஞ்சளாகி, மஞ்சளெல்லாம் பச்சையாகிவிட்டது. ஒரே வாரத்தில் எல்லாருக்கும் பறக்கத் தெரிந்துவிட்டதா? அண்ணன் மட்டும் அடியில், அதே சிவப்பில்.

தோண்டிப் பார்த்தேன். வண்டியில் இருக்கும் திரையில் ‘வந்தாச்சு’ என்று ஒரு பொத்தான் உண்டு. நோயாளி வீட்டு வாசலில் நின்றதும் டிரைவர் அழுத்த வேண்டும். அந்த நேரத்தைத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. வண்டி எங்கே இருக்கிறது என்ற தகவலும் தனியே வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் — பொத்தானை அழுத்தும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது! முதலில் தெருமுனையிலேயே அழுத்தியிருக்கிறார்கள். பிறகு கடைசி சிக்னலில். இப்போது கிளம்பின சூட்டோடு.

மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஆச்சரியமே வரவில்லை.

“அறிக்கை மேல போயாச்சு. எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி. நீங்க கிளறாதீங்க.”

“சார், இது பொய்.”

“டிரைவர் அழுத்துறான், மென்பொருள் எழுதுது. இதுல நீங்க எங்க வர்றீங்க?”

மார்ச் 21, வெள்ளி

இதை எழுதி வைத்தே ஆக வேண்டும்.

அழைப்பு அறையில் ஒரு ஹெட்செட் கெட்டுப்போய் அதைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். “வண்டி உங்க வாசல்லதான்மா நிக்குது. ‘வந்தாச்சு’ன்னு எனக்கு ஸ்கிரீன்ல தெரியுது. கதவைத் திறந்து பாருங்க.”

குனிந்து அவள் ஹெட்செட்டருகே காதை வைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல். “திறந்துதாங்க வெச்சிருக்கேன். தெருவே காலியா கிடக்கு.”

“வேற தெருவுல நிக்கலாம்மா. கொஞ்சம் இறங்கிப் போய்ப் பாருங்க.”

அந்த அம்மாள் இறங்கிப் போனாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த புருஷனைத் தரையில் தனியே விட்டுவிட்டு, வராத வண்டியைத் தேடித் தெருத் தெருவாக. போனில் அவள் மூச்சு இரைத்தது கேட்டது. “எங்கங்க? எங்க நிக்குது?” என் திரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டி இன்னும் மேம்பாலத்தையே தாண்டவில்லை. டிவியில் அந்த டிரைவர் பச்சை.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அதனால் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது.

மார்ச் 22, சனி

மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் இந்த நிலை. இனி பொத்தானை அப்படியே நம்பாது. வண்டி அந்த விலாசத்தருகே உண்மையாகவே வந்து நின்ற பின் அழுத்தியிருந்தால் பச்சை, முன்பே அழுத்தியிருந்தால் வேகம் எதுவானாலும் சிவப்பு.

சேமித்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தேன். மேலிருந்து கீழ்வரை ரத்தச் சிவப்பு. பார்க்கத் திருப்தியாக இருந்தது. அப்படியே இருக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

மேலாளர் கத்திய கத்தலில் டிரைவர்களின் ஓய்வறைச் சுவரே பெயர்ந்திருக்கும். நான் தயாராகத்தான் போயிருந்தேன். அந்த அம்மாளின் அழைப்பைச் சொன்னேன், வண்டி இருந்த இடத்தைச் சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. டிவியைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மொத்தச் சிவப்புல உச்சியில ஒரே ஒரு பச்சை நிக்குதே, அது யாரு?”

திரும்பிப் பார்த்தேன். அண்ணன்.

“இவ்வளவும் உங்க அண்ணனைத் தூக்கி மேல வைக்கத்தானே?”

சனிக்கிழமை சிவப்பை மட்டுமே பார்த்தேன். யார் பச்சை என்று பார்க்கவே இல்லையே! பொத்தானை ஒழுங்காக அழுத்தினவன் அவன் ஒருத்தன்தான், பொய்யெல்லாம் சிவப்பானதும் தானாக மேலே வந்துவிட்டான் என்று எவ்வளவோ சொன்னேன். எனக்கே அது எடுபடாத பேச்சாகத்தான் கேட்டது. சுற்றி நின்ற டிரைவர்கள் என்னைப் பார்க்கவில்லை, மூலையில் நின்ற அண்ணனைப் பார்த்தார்கள்.

சர்வர் கடவுச்சொற்களை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரே கட்டளை திரும்பி வந்து பழைய கணக்கைப் போட்டுவிட்டுப் போனான். இனி எனக்கு வேலை ஹெட்செட்டும் பிரிண்டரும்.

மார்ச் 27, வியாழன்

அண்ணன் வண்டியில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸில்! எத்தனை கேடு கெட்டவர்கள். கூடப் போகும் ஆள் வேறு வண்டி கேட்டு மாறிக்கொண்டானாம். ஸ்ட்ரெச்சரை மாடியிலிருந்து இறக்க நோயாளியின் சொந்தக்காரர்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்ததாம். இதெல்லாம் அண்ணி சொன்னது. அவன் சொல்லவில்லை.

கேட்டேவிட்டேன். மாடிப்படியில் வைத்து.

“உன்னை யாருடி கேட்டா?” என்றான். “கடைசியில இருந்தேன். இருந்துட்டுப் போறேன். திட்டுவாங்க, அவ்வளவுதானே? இப்ப என்னைக் காட்டிக்கொடுத்தவன்னு சொல்றாங்க. நீயும் நானும் பேசி வெச்சு பண்ணோமாம்.”

“அந்தம்மா தெருவுல ஓடுனாங்கண்ணா. நான் காதால கேட்டேன்.”

“கேட்ட. எனக்காகவா கேட்ட? அங்க தினம் சோறு திங்கிறது நான். பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டேங்கிறான்.”

அண்ணி மேலேயிருந்து, “ரெண்டு பேரும் வாயை மூடுங்க, பிள்ளைங்க படிக்குது,” என்றாள்.

என்ன தப்பு பண்ணினேன்? எந்த இடத்தில்? கதவைத் திறந்ததிலா, கணக்கைத் திருத்தினதிலா? எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டியவர்களுக்கு அக்கறை இல்லை.

மார்ச் 29

பிரிண்டரில் தாள் சிக்கியது. எடுத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஓய்வறையில் டிவி மங்குகிறது என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். ஸ்டூலில் ஏறி வயரைச் சரிசெய்தேன். படம் தெளிந்தது. வழக்கம்போலப் பச்சை. அண்ணன் பெயரைக் கீழேயிருந்து தேடினேன். காணோம். சிவப்பில் இல்லை, மஞ்சளில் இல்லை. மேலே, நல்ல பச்சையில் இருந்தது.

இன்று அவனுக்கு வந்த அழைப்பெல்லாம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்தான்.

கீழே மேசையில் டிரைவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணன். ஒருவன் தன் டப்பாவிலிருந்து எடுத்து அவன் தட்டில் போட்டான். ஏதோ சொன்னார்கள், அவனும் சிரித்தான். நான் ஸ்டூலைச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் படியேறப் போனவன் என் கதவருகே நின்றான்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேண்ணா. நீ?”

“ம்.”

இத்தனை நாளுக்குப் பிறகு அவனாக வந்து பேசினான். பொத்தானை எங்கே வைத்து அழுத்தினாய் என்று நான் கேட்கவில்லை.